யோகட் கப் ரெலிபோன்



போன பள்ளி விடுமுறைக்கு மாமா ஈச்சிலம்பற்றுக்குப் போயிருந்தேன். என் தங்கச்சி வீடு அங்கேதான் இருக்கிறது. "ஈச்சிலம்பற்று எங்கே மாமா?" என்று இப்போதே கேட்ட பிள்ளைக்கு ஒரு சபாஷ். கேட்காமல் இருந்தவர்களுக்கும் சொல்கிறேன். திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவைச் சுற்றிக்கொண்டு, மூதூரையும் தாண்டிப் போக வேண்டும். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் வயலும் காடும். தெற்கே மகாவலியின் கிளையான வெருகல் ஆறு. ஆற்றங்கரையில் வெருகல் முருகன் கோயில்.

நான் போய்ச் சேர்ந்து தேத்தண்ணி குடித்து முடிக்கவில்லை. ஏழாம் தரம் படிக்கும் மருமகள் வந்து பக்கத்தில் குந்தினாள்.

"மாமா, நான் உங்களோட போனில கதைக்கக்குள்ள என்ட சத்தம் எப்படி அவ்வளவு தூரம் வருது?"

அட, எவ்வளவு நல்ல கேள்வி! பெரியவர்கள் நாள் முழுக்க போனும் கையுமாகத் திரிகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் இப்படிக் கேட்டிருப்பார்கள்? நான் பதில் சொல்லவில்லை. "குசினிக்குள் போய் வெறும் யோகட் கப் இருந்தால் எடுத்துக்கொண்டு வா" என்றேன்.

அவள் கப் தேடட்டும். அதற்குள் நாம் சத்தம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

உங்கள் தொண்டையில் இரண்டு விரலை வையுங்கள். "ம்ம்ம்" என்று சொல்லுங்கள். விரல் கூசுகிறதா? பள்ளிக்கூட மணி அடித்தவுடன் ஓடிப்போய் அதை மெல்லத் தொட்டுப் பாருங்கள். அதுவும் நடுங்கும். இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் நிற்கும், சத்தமும் நிற்கும். பட்டத்துக்கு விண் கட்டுவோம் இல்லையா? காற்றில் அந்த விண் படபடவென்று நடுங்குவதால்தானே பட்டம் கூவுகிறது! சத்தம் என்பது நடுக்கம். இது புரிந்தால் இன்றைய பாடத்தில் பாதி முடிந்தது.

அந்த நடுக்கம் காற்றில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். வேகம்தான். ஆனால் போகப் போக மெலிந்துவிடும். 20 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் ஒருவரை நீங்கள் கூப்பிட்டால், சத்தம் போய்ச் சேரவே ஒரு நிமிடம் ஆகும். சேர்ந்தாலும் அவருக்குக் கேட்காது.

மருமகள் திரும்பி வந்தாள். கையில் யோகட் கப் இல்லை. இரண்டு ரின்பால் பேணி! பின்னால் அவள் தம்பி, தோணி கட்டும் தடித்த கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆணியால் அடியில் துளை போட்டு, கயிற்றை மாட்டி, முற்றத்தின் இரண்டு மூலையிலும் நின்றார்கள். அவள் பேசினாள். அவன் பேணியைக் காதில் வைத்தான்.

"கர்... கர்... எண்டுதான் கேட்குது அக்கா."

முதல் போன் தோல்வி. செய்ய எடுத்த நேரம் பத்து நிமிடம். செலவு ஒரு சதமும் இல்லை.

இரண்டாவது போனுக்கு யோகட் கப் கிடைத்துவிட்டது. கயிற்றுக்குப் பதில் அம்மாவின் தையல் நூல். முடிச்சு நழுவாமல் இருக்க, கப்புக்குள்ளே நூல் நுனியில் ஒரு ஈர்க்குத் துண்டைக் கட்டினோம். இந்த முறை குரல் கேட்டது! சொல்லும் புரிந்தது. "மாமா, கேட்குதா?" என்று கத்தியபடி அவள் பின்னுக்கு ஓர் எட்டு வைத்தாள். நூல் அறுந்துவிட்டது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்களிடம் ஒரு கேள்வி. இரண்டாவது போன் ஏன் நன்றாக வேலை செய்தது? கப் மெல்லியது என்பதாலா? நூல் மெல்லியது என்பதாலா?

மருமகள் யோசித்தாள். "தெரியாது மாமா. ரெண்டையும் ஒண்டா மாத்திட்டன்."

இந்த ஒரு பதிலுக்காகவே அவளுக்கு ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொடுக்கலாம். இரண்டு பொருளை ஒரே நேரத்தில் மாற்றினால், எது உதவியது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே பழைய பேணிக்குத் தையல் நூலைக் கட்டிப் பார்த்தோம். குரல் வந்தது. யோகட் கப் அளவுக்குத் தெளிவு இல்லை. அப்படியானால் நூலும் காரணம், கப்பும் காரணம். தடித்த கயிறு நடுக்கத்தை வழியிலேயே விழுங்கிவிடும். மெல்லிய அடித்தட்டு குரலோடு சேர்ந்து இலகுவாக நடுங்கும். இதை அவள் பழைய கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தாள்.

மூன்றாவது போனுக்கு மீன்பிடிக்கும் தங்கூசி. மெல்லியது, இலகுவில் அறாது. விறாந்தையிலிருந்து முருங்கை மரம் வரைக்கும் இழுத்துப் பிடித்தோம். தம்பி மெதுவாகத்தான் பேசினான். "அக்காவுக்குக் குடுத்த மாம்பழம் எனக்கும் வேணும்." தெளிவாகக் கேட்டது. அவனுக்கும் கொடுத்தேன், வேறு வழி?

தங்கூசியைத் தளர விட்டால் சத்தம் போகாது. நடுவில் விரலால் தொட்டாலும் நின்றுவிடும். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். மணியை இறுக்கிப் பிடித்ததை நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளே, அந்தக் காலைப் பொழுதில் இவர்கள் செய்ததற்குப் பொறியியலில் ஒரு பெயர் உண்டு. முன்மாதிரி செய்தல். உண்மையான பொருளைச் செய்யுமுன், கையில் கிடைப்பதை வைத்துச் சட்டென்று ஒன்றைச் செய்து பார்ப்பது. அம்மா முறுக்கு மாவு முழுவதையும் ஒரேயடியாகப் பிழிவாரா? ஒன்றே ஒன்றைப் பொரித்து வாயில் போட்டுப் பார்ப்பார். உப்புக் குறைவா? மாவு இறுக்கமா? திருத்திவிட்டுத்தான் மிச்சம். அந்த முதல் முறுக்குத்தான் முன்மாதிரி. அது கோணலாக இருக்கலாம். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

உலகத்தின் முதல் ரெலிபோனும் இப்படிக் கோணலாகத்தான் பிறந்தது. 1875 ஜூன் மாதம் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அவருடைய உதவியாளர் வாட்சனும் வேறு ஒரு தந்திக் கருவியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள். கருவியில் ஓர் உலோகத் தகடு ஒட்டிக்கொண்டது. வாட்சன் அதை விரலால் சுண்டினார். அடுத்த அறையில் கம்பியின் மறுமுனையில் இருந்த பெல்லுக்கு அந்தச் சுண்டல் சத்தம் கேட்டுவிட்டது! அடடா, நடுக்கம் மின்சாரமாகிக் கம்பி வழியே வருகிறதே! உடனே ஒரு முன்மாதிரி செய்தார்கள். அதில் ஏதோ முனகல் கேட்டது, சொல் புரியவில்லை. நம் தம்பியின் "கர்... கர்..." போலத்தான். மாற்றி மாற்றிச் செய்து, 1876 மார்ச் 10ஆம் திகதிதான் ஒரு முழு வாக்கியம் தெளிவாகக் கேட்டது.

நம் யோகட் கப்புக்கும் பெல்லின் போனுக்கும் என்ன வித்தியாசம்? நூலில் நடுக்கமே நடந்து போகிறது. பெல்லின் கம்பியில் நடுக்கம் மின்சாரமாக வேடம் மாற்றிக்கொண்டு போகிறது. மறுமுனையில் வேடத்தைக் கலைத்துவிட்டு மறுபடி நடுக்கமாகிறது. மின்சாரம் களைக்காமல் நெடுந்தூரம் போகும். புரிகிறதா? புரியாவிட்டால் இந்தப் பந்தியை இன்னொரு முறை படியுங்கள். மாமா காத்திருக்கிறேன்.

மத்தியானம் சாப்பிட்டு முடிவதற்குள் செய்தி பரவிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் வந்து, தங்களுக்கும் போன் வேண்டும் என்றார்கள். இப்போது மொத்தம் ஐந்து பேர். எல்லாருக்கும் எல்லாரோடும் கதைக்க வேண்டுமாம்.

எத்தனை நூல் வேண்டும்? எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் மற்ற நாலு பேர். ஐந்து நாலு இருபது. ஆனால் ஒரே நூலை இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணிவிட்டோம். ஆக, அதில் பாதி, 10 நூல். பத்துப் பிள்ளைகள் என்றால் 45 நூல். நூறு வீடு உள்ள ஊர் என்றால்? 4,950! ஊரே சிலந்திக்கூடு ஆகிவிடும்.

மருமகள்தான் வழி கண்டுபிடித்தாள். "எல்லா நூலையும் மாமரத்தடிக்குக் கொண்டு வருவம். அங்க ஒராள் இருந்து இணைச்சு விடட்டும்."

அவளுக்குத் தெரியாமலே அவள் கண்டுபிடித்தது ரெலிபோன் இணைப்பகம். நம் தாத்தாமார் எக்ஸ்சேஞ்ச் என்பார்களே, அதுதான். இப்போது ஐந்து வீட்டுக்கு ஐந்து நூல் போதும். நூறு வீட்டுக்கு நூறு. 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிக இணைப்பகம் திறந்தபோது, அதில் 21 பேர்தான் சேர்ந்திருந்தார்கள். யார் யாரோடு கதைக்க வேண்டும் என்று கேட்டு, ஓர் ஆள் உட்கார்ந்து கையால் இணைத்துவிட்டார்.

எங்கள் மாமரத்தடியில் உட்கார்ந்தவன் தம்பி. அரை மணித்தியாலத்துக்குள் சண்டை. அக்கா பக்கத்து வீட்டுக்கு இணைக்கச் சொன்னால், இவன் வேண்டுமென்றே தன் கூட்டாளிக்கு இணைத்துவிடுகிறான்!

சிரிக்காதீர்கள். இதே சண்டை ஒரு பெரிய கண்டுபிடிப்பைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் அல்மன் ஸ்ரோஜர் என்று ஒருவர். இறுதிச் சடங்கு நடத்திக் கொடுப்பது அவர் தொழில். தன்னைத் தேடி வரும் கோல்களை இணைப்பகத்தில் இருப்பவர் போட்டிக்காரரிடம் திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம் வந்ததாம். அப்படி ஒரு கதை. "ஆளே இல்லாத இணைப்பகம் செய்கிறேன் பார்" என்று கிளம்பிவிட்டார். சட்டைக் கழுத்துப்பட்டி வைக்கும் வட்டப் பெட்டியில் குண்டூசிகளை வரிசையாகக் குத்தி முதல் மாதிரியைச் செய்தார் என்பார்கள். அவருக்குப் பொறியியல் பட்டம் ஒன்றும் கிடையாது. 1891இல் காப்புரிமை கிடைத்தது. 1892இல் லா போர்ட் என்ற ஊரில் அவருடைய தானியங்கி இணைப்பகம் வேலை செய்யத் தொடங்கியது.

அவருடைய முறையில் பின்னாளில் வந்த இணைப்பகங்கள் எப்படி வேலை செய்தன தெரியுமா? பத்துத் தட்டு உள்ள ஓர் அலுமாரியை நினையுங்கள். ஒவ்வொரு தட்டிலும் பத்துப் பெட்டி. நீங்கள் போனில் உள்ள இலக்க வட்டில் 4 சுழற்றினால், ஒரு கை டக் டக் டக் டக் என்று நாலாம் தட்டுக்கு ஏறும். 7 சுழற்றினால் ஏழாம் பெட்டிக்குத் திரும்பும். 47ஆம் வீட்டில் மணி அடிக்கும். நூறு வீட்டில் ஒன்றை இரண்டே இலக்கத்தில் பிடித்துவிட்டது! இன்று அந்தக் கை இல்லை. கணினி அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் இலக்கம் வழிகாட்டும் என்ற யோசனை அப்படியே இருக்கிறது.

திருகோணமலை மாவட்டத்து வீட்டுப் போன் இலக்கம் 026 என்று தொடங்கும். வெருகலைத் தாண்டித் தெற்கே கதிரவெளிக்குப் போனால் மட்டக்களப்பு மாவட்டம். அங்கே 065. முதலில் வரும் பூச்சியம் "வேறு ஊருக்குப் போக வேண்டும்" என்று கதவைத் தட்டுகிறது. அடுத்த இரண்டு இலக்கம் எந்தப் பகுதி என்று சொல்கிறது. மிச்சம் ஏழும் வீட்டைத் தேடிப் பிடிக்கும். கடிதத்தில் வீதி, ஊர், மாவட்டம் என்று எழுதுவோமே, அதைத் தலைகீழாக எழுதினால் போன் இலக்கம்.

இரவு லாம்பு வெளிச்சத்தில் தம்பி கேட்டான். "நீங்க சின்னப் பிள்ளையா இருக்கக்குள்ள போன் இருந்ததா மாமா?"

நான் இளந்தாரியாக இருந்தபோதும் வீட்டில் போன் இல்லை. கொழும்பில் இருந்த அண்ணனோடு கதைக்க மூதூரில் ஒரு கொமினிகேசன் கடைக்குப் போக வேண்டும். வரிசையில் நின்று, என் முறை வந்து, "அண்ணா, அம்மாவுக்கு..." என்று தொடங்கினேன். லைன் விழுந்துவிட்டது. அம்மாவுக்கு வெறும் தடிமன்தான். அண்ணன் பதறிப்போய் பஸ் ஏறிவிட்டார்! அப்போது கிண்ணியாவில் பாலம் கிடையாது. பஸ்ஸும் சனமும் மிதவைப் பாதையில் ஏறித்தான் தண்ணீரைக் கடக்க வேண்டும். இப்போதுள்ள 396 மீற்றர் நீளப் பாலம் 2009இல்தான் திறந்தது. அண்ணன் வந்து சேர்ந்தபோது அம்மா முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

கிராமங்களுக்குப் போன் வராததற்கு ஒரு காரணம் இருந்தது. பெரிய நாடுகளில் செய்த இணைப்பகங்கள் பெரிய பட்டணத்துக்கு ஏற்றவை. அவற்றுக்குக் குளிரூட்டிய அறை வேண்டும், தூசி ஆகாது. நம் ஊர் வெயிலையும் விட்டு விட்டு வரும் மின்சாரத்தையும் அவை தாங்குமா?

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் இந்தியாவிலும் இதே தலையிடி. அங்கே 1984இல் சி-டொட் என்ற அரச ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்நின்றவர் சாம் பிட்ரோடா. ஒடிசாவில் திட்லாகர் என்ற சிற்றூரில் பிறந்தவர். அமெரிக்காவில் போய் இணைப்பகப் பொறியியலாளர் ஆனவர். சி-டொட் இளைஞர்கள் எடுத்த எடுப்பில் மலையளவு பொறி எதையும் செய்து நிற்கவில்லை. 128 இணைப்புகள் மட்டும் உள்ள ஒரு சின்ன இணைப்பகம் செய்தார்கள். குளிரூட்டி வேண்டாம். தூசியையும் சூட்டையும் தாங்கும். 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அது வேலை செய்யத் தொடங்கியது. சின்னது சரிவந்த பிறகு, அதே பாகங்களை அடுக்கி அடுக்கிப் பெரியவற்றைக் கட்டினார்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது அந்த 128தான். பட்டணத்துக்குச் செய்ததைக் கிராமத்துக்குத் தூக்கி வராமல், கிராமத்திலிருந்து தொடங்கினார்களே!

இப்போது மருமகளின் கேள்விக்கு வருவோம். அவள் கையில் இருப்பது கைப்பேசி. அதில் நூலும் இல்லை, கம்பியும் இல்லை. நடுக்கம் மின்சாரமாகி, மின்சாரம் எண்களாகி, எண்கள் வானொலி அலையில் ஏறி, அருகில் உள்ள ரவருக்குப் போகின்றன. அலையின் வேகம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர். ரவரிலிருந்து இணைப்பகம். அங்கிருந்து என் பக்கத்து ரவர். பிறகு என் காது.

காட்டிலிருந்து தேன்வதை கொண்டுவருவார்களே, பார்த்திருக்கிறீர்களா? அறை அறையாக ஒட்டி இருக்கும். நாட்டையும் பொறியியலாளர்கள் அப்படித்தான் மனத்துக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். ஓர் அறைக்கு ஒரு ரவர். நீங்கள் மூதூரிலிருந்து மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் கதைத்துக்கொண்டே போனால், ஒரு ரவர் உங்களை அடுத்த ரவரிடம் கொடுக்கும். அஞ்சல் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றுவது போல. நடுவில் காடு வந்து ரவர் எட்டாமல் போனால் கோல் கீழே விழும்.

கையில் பிடிக்கும் கைப்பேசியின் முன்மாதிரியை, மோட்டரோலா நிறுவனத்தில் மார்ட்டின் கூப்பரும் கூட்டாளிகளும் ஏறத்தாழ மூன்றே மாதத்தில் செய்தார்கள். 1973 ஏப்ரல் 3ஆம் திகதி நியூயோர்க் தெருவில் நின்று கூப்பர் அதில் கதைத்தார். யாரோடு தெரியுமா? போட்டி நிறுவனத்துக்காரரோடு! குறும்பு நம் தம்பிக்கு மட்டும் சொந்தமா என்ன? அந்தப் போன் ஒரு கிலோவுக்கு மேல் பாரம். அரை மணித்தியாலம் கதைத்தால் பற்றரி இறங்கிவிடும். அது கடைக்கு வரப் பிறகு பத்து வருடம் பிடித்தது. இலங்கையில் கைப்பேசிச் சேவை தொடங்கியது 1989இல்.

இப்போதெல்லாம் முன்மாதிரி செய்ய இன்னும் வேகமான வழி இருக்கிறது. இடியப்ப உரல் தெரியும்தானே? மாவை வைத்து அழுத்தினால் நூல் நூலாக இறங்கும். உரலை அசைத்து, ஒரு வட்டத்துக்கு மேல் இன்னொரு வட்டமாகப் பிழிந்துகொண்டே போனால் ஒரு கிண்ணமே எழும்பும். மாவுக்குப் பதில் உருகிய பிளாஸ்ரிக். அம்மாவின் கைக்குப் பதில் கணினி. இதுதான் முப்பரிமாண அச்சு. இந்த முறையைக் கண்டுபிடித்த ஸ்கொட் கிரம்ப், 1988 அளவில் தன் சின்ன மகளுக்கு ஒரு விளையாட்டுத் தவளை செய்ய நினைத்தார். சூட்டில் பசையை உருக்கும் துப்பாக்கிக்குள் பிளாஸ்ரிக்கையும் மெழுகையும் போட்டு, அடுக்கு அடுக்காகப் பிழிந்தார். தவளையில் தொடங்கிய அந்த வேலை இன்று பெரிய தொழில். ஒரு போனின் மூடியை வரைந்து, அதே நாளில் கையில் பிடித்துப் பார்க்கலாம்.

முன்மாதிரி விளையாட்டுக்கு மட்டும் இல்லை பிள்ளைகளே. 2004 டிசெம்பர் 26 சுனாமி ஈச்சிலம்பற்றுக் கரைக்கும் வந்தது. என் தங்கச்சி அதைப் பற்றி இன்றும் அதிகம் பேச மாட்டாள். அலை வருகிறது என்று முன்கூட்டிச் சொல்ல அன்று வழி இல்லை. பிறகு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் டயலொக் நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கிய ஆய்வுகூடத்தில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி செய்தார்கள். கைப்பேசி வலையமைப்பின் வழியே செய்தி வந்ததும் அது அலறும், விளக்கு மின்னும், செய்தியை எழுத்தில் காட்டும். செய்த பெட்டியை மேசையில் வைத்து அழகு பார்க்கவில்லை. கடலோரக் கிராமங்களுக்குக் கொண்டுபோய், சனத்தோடு சேர்ந்து ஒத்திகை நடத்தினார்கள். செய்தி வருகிறதா? நித்திரையில் இருப்பவருக்குக் கேட்குமா? மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்கு ஆய்வுகூடத்துக்குள் பதில் கிடைக்காது. ஊருக்குள்தான் கிடைக்கும். அந்த முயற்சிகளிலிருந்து வளர்ந்த எச்சரிக்கைச் சேவை 2009இல் தொடங்கியது.

நான் திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது. நேற்றுத் தம்பி கோல் எடுத்தான். உண்மையான போனில்தான்.

"மாமா, மூலை திரும்பிப் போற போன் செய்யப் பார்த்தம். நூல் வேலியில முட்டி சத்தம் நிண்டிற்று. பிறகு கிளையில ஒரு வளையம் கட்டி அதுக்குள்ளால விட்டம். கொஞ்சம் கேட்டிச்சு."

"கெட்டிக்காரன்! பிறகு?"

"பிறகு கண்டுக்குட்டி வந்து நூலத் திண்டிற்று."

"ஐயோ, தங்கூசியையா?"

"இல்ல மாமா, அது பட்ட நூல். கண்டுக்குட்டிக்கு ஒண்டுமில்ல. அக்கா அதையும் கொப்பியில எழுதிட்டா. ஆறாவது போனுக்கு மெல்லிய செப்புக் கம்பி வேணும். வரக்குள்ள கொண்டு வாங்க."